புதுப்பிப்பு: அஞ்செட்டி பக்கம் கரடி சீசன்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி பக்கம் கரடி எந்த மாதங்களில் அதிகம் வெளியே வரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலில் ஒருவர் "வேட்டைக்கு எது நல்ல சீசன்?" என்று இழுத்துவிட்டார். அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம் கரடி (தேன்கரடி, sloth bear) இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. வேட்டைக்குச் சீசனே கிடையாது.

அமெரிக்கக் கருங்கரடி வேட்டைக்காரர்கள் காலம் பார்ப்பது அதன் குளிர்கால உறக்கத்தை வைத்து: வசந்தத்தில் குகையை விட்டு வரும்போது, இல்லாவிட்டால் குளிருக்கு முன் கொழுப்பு சேர்க்க ஓயாமல் தின்னும்போது. நம் கரடி குளிர்காலத்தில் அப்படி உறங்குவதே இல்லை. அதற்குக் காலண்டர் வயிறுதான். கோடை தொடங்கி சரக்கொன்றை, அத்தி, நாவல் என்று பழம். பழம் தீர்ந்தால் கரையான் புற்று. புற்றைப் பறித்து, மூச்சால் மண்ணை ஊதித் தள்ளி உறிஞ்சும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாதது இதற்கு வசதி!

மாம்பழமும் அதற்குப் பிடிக்கும். அதனால் பழம் பழுக்கும் மாதங்களில் இருட்டோடு தோப்புக்குப் போவதை நிறுத்திவிட்டோம். முதுகில் குட்டியோடு வரும் தாய்க்கரடி ஒதுங்கிப் போகும் என்று நம்ப முடியாது. அப்புறம், பார்க்க மட்டும் ஆசை என்றவருக்கு: வனத்துறை அனுமதியோடு போங்கள், தனியாக வேண்டாம்.