மறு: சோசியல் லாகின் – தமிழில் எப்படிச் சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: கொடைக்கானலில் பூம்பாறைப் பூண்டு, தாண்டிக்குடிக் காபித்தூள், தேன் விற்கும் ஒரு சிறு கடையின் இணையதளத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சீசனுக்கு வந்துபோனவர்கள் ஊருக்குப் போய் வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஆர்டர் போடுவார்கள். கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால்தான் கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் கணக்குகளைக் கொண்டே நுழையும் வசதி. இதைத்தான் ஆங்கிலத்தில் சோசியல் லாகின் என்கிறார்கள். பொத்தானில் சிக்கலே இல்லை, 'கூகுள் கணக்குடன் தொடர்க' என்று எழுதிவிடலாம். அமைப்புப் பக்கம், உதவிப் பக்கம், பிழைச் செய்திகள், இவற்றுக்குத்தான் ஒரு பொதுப்பெயர் வேண்டும்.

> சமூக உள்நுழைவு என்றே வைக்கலாமே. பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் நம் ஊரில் ஒரு படிவத்தில் 'சமூகம்' என்று கண்ணில் பட்டால் மனசு எங்கே போகும்? கடையில் பார்சல் கட்டும் அக்காவிடம் போனைக் காட்டினேன். “இதுல என்ன சமூகம்னு போடணுமா தம்பி?” என்றார். எனக்கு அதோடு அந்தச் சொல் முடிந்தது.

> அப்போது 'சமூக ஊடக உள்நுழைவு'?

நீளம். சின்னப் போனில் 'சமூக ஊடக உள்நு…' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. அதைவிட, கூகுள் கணக்கும் ஆப்பிள் கணக்கும் சமூக ஊடகம் இல்லையே. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் ஃபேஸ்புக்கை மனதில் வைத்து வைத்திருப்பார்கள் போல. அவர்கள் பிழையை நாமும் சுமக்க வேண்டாம்.

> ஒற்றை உள்நுழைவு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

அது வேறு. அலுவலகத்தில் காலையில் ஒருமுறை நுழைந்தால் மின்னஞ்சல், விடுப்பு, சம்பளப் பட்டியல் எல்லாம் திறந்துகொள்வது அது. அதை அதற்கே விட்டுவிடுவோம்.

> இரவல் நுழைவு! சின்னதாக, தமிழாக இருக்கிறது.

ஐயா, கேட்டதும் எனக்கும் பிடித்துப்போனது. ஆனால் இங்கே எதுவும் இரவல் இல்லை, கணக்கு வாடிக்கையாளருடையதேதான். பொத்தானை அழுத்தினால் கடை அவரைக் கூகுளிடம் அனுப்புகிறது. கடவுச்சொல்லைக் கூகுள்தான் பார்க்கிறது. கடைக்கு அது வருவதே இல்லை. சரிபார்த்த பிறகு சிறிது நேரமே செல்லும் ஒரு குறியீட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. கடையின் சர்வர் அந்தக் குறியீட்டோடு தன் ரகசியச் சாவியையும் காட்டி, 'இவர் இன்ன எண்ணுக்குரிய பயனர்' என்று கூகுள் மின்னணு முறையில் கையெழுத்திட்ட டோக்கனை, அதாவது ஒரு சான்றுச் சீட்டை, வாங்கிக்கொள்கிறது. பக்கத்துக் கடைக்காரர் “நம்ம ஆள்தான், சாமான் குடுங்க” என்று சொல்லி அனுப்புவது போலத்தான். 'இரவல்' என்று போட்டால், கூகுள் கடவுச்சொல்லைப் பூண்டுக் கடைக்காரனுக்குக் கொடுக்கிறோம் என்ற பயம் இன்னும் கூடும். இப்போதே அந்தப் பயம் இருக்கிறது.

'அறிமுக நுழைவு' என்பதை அறிமுகச் சலுகை என்று படித்துவிடுவார்கள். 'பிறகணக்கு' என்பது அவசரத்தில் 'பிறகு' என்று வாயில் வருகிறது.

என் முன்மொழிவு: வெளிக்கணக்கு நுழைவு.

'உள்நுழைவு' என்று வைக்காததற்குக் காரணம், வெளியும் உள்ளும் அடுத்தடுத்து நின்று முட்டிக்கொள்கின்றன. விக்கிப்பீடியாவின் 'புகுபதிகை' நல்ல சொல்தான், கடை வாசலுக்குக் கொஞ்சம் விறைப்பு. ஒரு சொல்லை வைத்தால் அதைச் சுற்றி வாக்கியங்கள் எழுத வர வேண்டும். இது வருகிறது: வெளிக்கணக்கால் நுழைக, வெளிக்கணக்கை இணை, வெளிக்கணக்கை நீக்கு. 'சமூக உள்நுழைவை நீக்கு' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இணைப்பதுதான் எனக்கு முக்கியம். கடையில் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. அதே முகவரியோடு ஒருவர் வெளிக்கணக்கால் வருகிறார். அந்த முகவரி அவருடையதுதான் என்று சரிபார்க்கப்படாமல் தானாகவே இரண்டையும் ஒட்டிவிட்டால், அடுத்தவர் கணக்கும் வீட்டு முகவரியும் ஆர்டர் பட்டியலும் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதனால் அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு கணக்கு உள்ளது. உங்களுடையது என்றால் இந்தக் கடைக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து வெளிக்கணக்கை இணைக்கவும்.' ஆப்பிள் வழியாக வருபவர்கள் தங்கள் முகவரியை மறைத்து வேறொரு முகவரியைக் கொடுக்கவும் முடியும் என்பதால், ஆளை மின்னஞ்சலை வைத்து அடையாளம் காணாமல் டோக்கனில் வரும் பயனர் எண்ணை வைத்தே காண வேண்டும். இது தமிழாக்க வேலை இல்லை, நிரல் எழுதும் தம்பிக்குச் சொன்னது, இங்கேயும் இருக்கட்டும்.

இன்னொன்று. 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்குப் போடுகிறோம். 'நீ யார்' என்று உறுதி செய்வது ஒன்று, 'இதை எடுத்துக்கொள்ளலாம்' என்று விடுவது ஒன்று. 2012-இல் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்த ஓஆத் 2.0 என்ற நெறிமுறை இரண்டாவதற்கானது. முதலாவதை அதன் மேல் ஏற்றி வைத்தது 2014-இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற இன்னொரு நெறிமுறை. முதலாவதற்கு 'அடையாள உறுதி', இரண்டாவதற்கு 'அனுமதி' என்று பிரித்துவிடுகிறேன். 'நீ யார்' என்பதை உறுதி செய்து தரும் கூகுள் போன்றவர்கள் 'அடையாளச் சான்றாளர்'.

கொடைக்கானலிலிருந்து

---

> வெளிக்கணக்கு என்றால் எங்கள் ஆடிட்டர் ஆபீசில் பில் போடாத கணக்கு என்று சிரிப்பார்கள். பரவாயில்லையா? 'வெளித்தளக் கணக்கு' பாருங்களேன்.

சிரிக்கட்டும் அக்கா. பக்கத்தில் 'நுழைவு' நிற்கும்போது அந்தப் பொருள் வராது என்று நினைக்கிறேன். ஆனால் உதவிப் பக்கத்தில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் உங்கள் யோசனைப்படி 'வெளித்தளக் கணக்கு' என்று விரித்து எழுதிவிடுகிறேன்.

ஒரு பிழைச் செய்தியிலும் வைத்துப் பார்த்தேன். சமூக ஊடகச் செயலிக்குள் கடையின் சுட்டியைத் தட்டினால் அங்கேயே ஒரு குட்டி உலாவி திறக்கும். அதற்குள்ளிருந்து நுழையக் கூகுள் பாதுகாப்புக்காக விடுவதில்லை. அப்போது வருவது: 'இங்கிருந்து வெளிக்கணக்கு நுழைவு இயலாது. குரோமிலோ சஃபாரியிலோ திறக்கவும்.' பார்சல் அக்கா ஒரே மூச்சில் படித்து, “சரி, குரோம்ல தொறக்கணும்” என்றார்.

டோக்கனை டோக்கனாகவே விடுகிறேன், ரேஷன் கடையிலேயே அப்படித்தான் சொல்கிறோம். ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் மொழிக்கோப்பில் ஏற்றிவிடுவேன். ஒப்புதல் கேட்கும் திரையின் வாசகங்களுக்குத் தனி இழை திறக்கிறேன். அதில் 'உங்கள் சுயவிவரம்' என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.