லேசி லோடிங்: சோம்பல் ஏற்றமா, முறைவரத்தா?

> லேசி எண்டா சோம்பல்தானே, சோம்பல் ஏற்றம் எண்டு போட்டு முடியுங்கோ, ஏன் இவ்வளவு கதை

அண்ணை கோவிக்காதேங்கோ, வெப் பேஜில படங்களை எல்லாம் ஒண்டா இறக்காம, வாசிக்கிறவர் கிட்ட வரேக்க இறக்கிற லேசி லோடிங்குக்கு எங்கட சொற்பட்டியலில ஒரு தமிழ்ச் சொல் தேடுறம், உந்தச் சொல்லில எனக்கு மனமில்லை. பிரவுசர் சோம்பிக் கிடக்கேல்லையே, கீழ கிடக்கிற படத்துக்கு இப்ப அவசரமில்லை எண்டு மேல இருக்கிறதுக்கு வழி விட்டுட்டு நிக்குது, அவ்வளவுதான்.

போன கிழமை எங்கட கமக்காரர் அமைப்பின்ர பேஜைத் திருத்திக் குடுத்தனான். குளத்துப் படம் 14, எல்லாம் போனில எடுத்தது, ஒவ்வொண்டும் 4000 பிக்சல் அகலம், 3 எம்பிக்குக் குறையாது. வயல் வரம்பில ஒரு கோடு சிக்னலோட நிண்டு தண்ணி எப்ப திறக்கினம் எண்டு பாக்க வாற ஆளுக்கு அந்த 14உம் சேர்ந்து இறங்குது, ரீலோட் போட்ட காசு அதோட சரி. தமிழ் எழுத்துத்தான் பாரம் எண்டு சிலபேர் சொல்லுறவை, உண்மைதான், கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ‘தமிழ்’ எண்ட சொல்லே 15 பைட், ஆனா ஒரு 3 எம்பிப் படத்தின்ர இடத்தில அந்தச் சொல்லை 2 லட்சம் தரம் எழுதலாம், அனுப்பேக்க எழுத்தைச் சுருக்கிற ஜிசிப் போட்டா இன்னும் சுருங்கும், அப்ப எழுத்தைக் குறை சொல்லி என்ன வேலை.

படங்களை 800 பிக்சலாக்கி, பாரம் குறைஞ்ச பட வடிவமான வெப்பியில (WebP) போட்டன். பிறகுதான் பேஜின்ர எச்டிஎம்எல் கோடில, கீழ்ப் படங்களுக்கு லோடிங் எண்ட இடத்தில லேசி எண்டு எழுதினது (loading="lazy"). முந்தி இதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதித் திரிஞ்சம், 2019இல குரோம் 76 வந்தாப்பிறகு இந்த ஒரு சொல் காணும்.

அதைப் பாக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது சிறுபோகத் தண்ணிதான். குளத்தில தண்ணி குறைவெண்டா எல்லா வயலுக்கும் ஒண்டா விடுறேல்லை, முறை வைச்சுத்தான். அப்பா இரவில டோர்ச்சோட வாய்க்கால் மூலையில குந்தி இருப்பார், பக்கத்து வயல் நிரம்பினதும் அங்கால வாயை மண் வெட்டிப் போட்டு மறிச்சு எங்கட பக்கத்தைத் திறப்பார். அவரைச் சோம்பேறி எண்டு சொல்லேலுமோ? அதால என்ர சொல்: முறையேற்றம்.

---

> என்ர சொல்: முறையேற்றம்

முறை நல்லாயிருக்கு தம்பி, ஏற்றம்தான் இடிக்குது. பதிவேற்றம் எண்டா அப்லோட் எண்டு சனம் பழகிட்டுது, இது சேர்வரில இருந்து எங்களிட்ட வாறதெல்லே. தாமத ஏற்றம் எண்டு ஒராள் எழுதியிருந்தவர், அதைவிட இது திறம், தாமதம் எண்டா ஏதோ பிழை நடந்தமாதிரிக் கிடக்கு. பின்னேற்றத்தையும் விடுங்கோ, எங்கட ஆக்கள் பின்னேரம் எண்டுதான் வாசிப்பினம் :)

இங்க முத்தையன்கட்டுப் பக்கம் குளத்துக்குத் தண்ணி வாறதை வரத்து எண்டுதானே சொல்லுறம். அப்ப முறைவரத்து எண்டா என்ன? இன்னொண்டு, முறை வரும் வரைக்கும் காத்திருந்தா படம் கண்ணுக்கு முன்னால வெள்ளையா நிக்காதோ?

---

வரத்து! அக்கா, அதுதான் சொல், என்ர ஏற்றத்தை வாபஸ் வாங்குறன்.

வெள்ளையா நிக்கிற கேள்விக்கு: பிரவுசர் படம் திரைக்குள்ள வாறவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காது, கிட்ட வரேக்கயே கூப்பிட்டிடும். குரோம் 4ஜி இணைப்பில 1250 பிக்சல் தூரத்தில கூப்பிடும், அதைவிட மெதுவான இணைப்பெண்டா 2500 பிக்சல், ஏனெண்டா வந்துசேர நேரம் எடுக்கும். தூரத்து வயலுக்கு வெள்ளெனத் திறந்துவிடுற மாதிரித்தான்.

ஆனா முறைவரத்தை எல்லாப் படத்துக்கும் போடாதேங்கோ. நான் முதல் தரம் கண்ணை மூடிக்கொண்டு 14க்கும் போட்டன், பேஜ் திறந்த உடன தெரியிற பெரிய படமும் வரிசையில போய் நிண்டிட்டுது. முக்கியமான பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள்ள தெரியவேணும் எண்டதுதான் கூகுளின்ர கணக்கு, நானே அதைக் கெடுத்தன். மேல் படத்துக்கு லேசி வேண்டாம், சும்மா விட்டாலே உடன வரும். லேசிக்கு எதிர்ச்சொல்லா அங்க ஈகர் எண்டு ஒண்டிருக்கு, அதுக்கு உடன்வரத்து எண்டு வைப்பமோ? எதை முதல்ல எடுக்கவேணும் எண்டு பிரவுசருக்குச் சொல்லுற பெச்பிரயோரிட்டியில (fetchpriority) ஹை குடுக்கிறதுக்கு முந்துவரத்து. ஒரு குடும்பமாப் போகும்.

அகலம் உயரம் ரெண்டையும் மறக்காம எழுதுங்கோ. அது இல்லாட்டி படம் வந்து விழேக்க எழுத்தெல்லாம் கீழ துள்ளும், வாசிச்ச வரியைத் தேடவேணும், வரம்பு கட்டாம தண்ணி விட்ட வயல்தான்.

எதிர்ப்பு இல்லையெண்டா சொற்பட்டியலில இப்பிடி ஏத்திறன்: "முறைவரத்து: படத்தையோ வீடியோவையோ, வாசிக்கிறவர் அதுக்குக் கிட்ட வரேக்க மட்டும் வரவழைக்கிறது." வினையா எழுதேக்க ‘முறைவரத்தில விடு’ எண்டு எழுதலாம். ‘முறைவரத்தாக்கு’ எண்டு ஆரும் எழுதினா அதை நான் திருத்துவன், இப்பவே சொல்லிப்போட்டன்.