ஜெய்சல்மேர் மணல்நிறக் குருவி: இசபெல்லினா, டெசர்ட்டா?

எருக்கம்பூ:
ஜனவரியில் நான்கு நாள் ஜெய்சல்மேர் போயிருந்தேன். கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) பார்க்கத்தான் போனது. டெசர்ட் நேஷனல் பார்க்கில் சுதாசரி பக்கம் ஒரே ஒரு தடவை தூரத்தில் கண்ணில் பட்டது, அதோடு சரி. மிச்ச நேரமெல்லாம் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்த மணல்நிறக் குருவிகளைத்தான் எடுத்தேன், 400 படம் தேறும்.

வீட்டியர் என்கிற சின்னப் பறவை வகை என்பது வரைக்கும் தெரிகிறது. இசபெல்லின் வீட்டியரா, டெசர்ட் வீட்டியரின் பெட்டையா என்பதில்தான் மண்டை காய்கிறது. ஆண் டெசர்ட் என்றால் தொண்டை கறுப்பு, பிரச்சினையே இல்லை. மூன்று படம் போட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்துப் பறவைப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் முதல் படத்தை இசபெல்லின் என்கிறது, மூன்றாவதை டெசர்ட் என்கிறது. ஒரே பறவைதான், பத்து நிமிட இடைவெளி இருக்கும். எதை நம்புவது?

ஜோத்பூர்வாசி:
உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். வால் விரிந்த படம் இருக்கிறதா? இரண்டுக்கும் வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெளுப்புதான், ஆனால் டெசர்ட்டுக்கு அதற்குக் கீழே வால் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு, மையில் முக்கி எடுத்த மாதிரி. இசபெல்லினுக்கு வாலின் மேல்பாதியில் இருபக்கமும் வெள்ளை, கீழே அகலமான கறுப்புப் பட்டை. கல்லை விட்டுக் கிளம்பும் அரை நொடியில் இது தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று, வீட்டியர் என்ற பெயரில் கோதுமையும் இல்லை, காதும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் வெள்ளைப் பிட்டம் என்று சொன்னது தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. பெயர் வைத்தவர்களே பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள், நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் :)

சிட்டுப்பித்தன்:
எனக்கு வேறு சந்தேகம். ஒரே பறவை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இறக்கை முழுக்க முதுகின் நிறம்தான், மடிப்புக்குக் கீழே மட்டும் சின்னதாக ஒரு கறுப்புத் தீற்றல், கட்டைவிரல் இறகு. வெளிறிய இறக்கையில் அது இப்படித் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் இசபெல்லின். நெட்டைக் காலில் விறைப்பாக நிற்பதும் பொருந்துகிறது. மூன்றாவது படத்தில் இறக்கை இறகுகளுக்கு நடுவில் அடர் பழுப்பு, ஓரம் வெளுப்பு, அந்தத் தீற்றல் மொத்தத்தோடு கலந்துவிட்டது. தலையும் உருண்டை. என் கணக்கில் மெர்லின் இரண்டு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

குளிர்காலத்திலும் இவை ஆளுக்கொரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வருவதைத் துரத்தும். நடுவில் கண்ணை எடுத்தீர்களா?

பழையலென்ஸ்:
இரண்டாவது படம் பதினொரு மணிக்கு மேல் எடுத்ததோ? கானல் அடித்திருக்கிறது, இறகு எல்லாம் குழைந்து போயிருக்கிறது. என்ன விலை லென்ஸ் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் காலை வெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும், அதனால் பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபைலில் எடுங்கள், நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஜீப்பை விட்டு இறங்காமல் ஜன்னலில் பயறு மூட்டையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள், இறங்கினால் பறந்துவிடும். ஷட்டர் வேகத்தை 1/2500 நொடிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து கிளம்பத் தயாராகும்போதே அழுத்திப் பிடியுங்கள். பத்துப் படத்தில் ஒன்றிலாவது வால் மாட்டும். மங்கலாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள்.

எருக்கம்பூ:
கடைசி வரியைப் படித்ததும் குப்பைத்தொட்டி ஃபோல்டரைத் திறந்தேன். மூன்றாவது படத்துக்கு அடுத்த ஃபிரேம், தலை வெட்டுப்பட்டு, எருக்கஞ்செடியைத் தாண்டிப் பறக்கிறது. வால் முழுக்கக் கறுப்பு. அப்போ அது டெசர்ட்!

சிட்டுப்பித்தன் கேட்டதற்கு: படத்தின் நேரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம் இல்லை, 26 நிமிடம். நடுவில் டிரைவர் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சரி, இரண்டாவது படத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சிட்டுப்பித்தன்:
அந்தக் கானல் படத்தை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இனம் குறிக்காமல் வெறும் வீட்டியர் என்று போடுங்கள், அதற்கு வசதி இருக்கிறது. வால் படத்தை மட்டும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள், தலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.