ஃபைனலில் தலைக்கு மேல் இன்னொரு விமானம்

செஸ்னாக்காரன்:
அரிசோனாவில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஒரு தளத்தில் பயிற்சி பெற்றபோது நடந்தது இது. விடுமுறை நாள் காலை என்பதால் பேட்டர்னில் (இறங்க வருபவர்கள் ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வழக்கமான பாதை) ஏற்கெனவே நெரிசல். எல்லோரும் வானொலியில் தத்தம் இடத்தை அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் செஸ்னா 172 விமானம் ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பகுதிக்குத் திரும்பி 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் இறங்கும்போது, இடப்பக்கத் தரையில் ஓடிய எங்கள் நிழலுக்குச் சற்று அப்பால் இன்னொரு நிழலும் அதே திசையில் ஓடி, மெல்ல எங்களை எட்டிப்பிடிப்பதைக் கண்டேன். எங்களுக்கு இறக்கை கூரைக்கு மேல் இருந்ததால் மேலே பார்க்க வழியில்லை. மேலே வந்தவருக்கோ தாழ்ந்த இறக்கை, ஆகவே கீழே நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு, உயரம் ஏற்றாமல், முதலில் வலப்பக்கம் விலகினார். அந்த விமானம் கண்ணில் பட்ட பிறகே கோ-அரவுண்டுக்கு (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் சுற்றி வர) ஏறினார். ஏதோ ஒரு மேகத்தின் நிழல் என்று எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பின்காற்று:
ஏறாமல் விலகியது மிகச் சரி. ஆனால் எல்லோரும் அறிவித்தார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது ஆறுதல் அளிக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில், பேட்டர்னில் இருந்த செஸ்னா 152-உம் நேராக இறங்க வந்த இரட்டை இயந்திர செஸ்னா 340-உம் மோதி மூவர் இறந்தபோது, இரு விமானிகளும் அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய விமானம் சுமார் 180 நாட் வேகத்தில் வந்தது. பின்னால் விரைந்து வருகிறீர்கள், நான் கோ-அரவுண்ட் செய்கிறேன் என்று சிறிய விமானத்தின் விமானி சொல்லியும் பயனில்லை. எனக்கும் ஒருமுறை, ஐந்து மைல் தொலைவில் இருக்கிறேன் என்று ஒருவர் அறிவித்தார். 150 நாட்டில் அது இரண்டே நிமிடம். நான் பேஸ் (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதி) திரும்பவிருந்தேன். திரும்பாமல் டவுன்விண்டையே (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) நீட்டினேன். அவர் வேகத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முன்பே முடிவெடுத்திருப்பேன்.

தனிப்பறவை:
என் கதை சிறியது: முன்னால் சென்றவர் பேஸை மிகத் தொலைவில் திரும்பியதால், பைப்பர் விமானத்தில் இருந்த நானும் ஊரைத் தாண்டிப் போக நேர்ந்தது. புதியவர்களுக்குச் சில சொற்கள். முன்னவர் ஃபைனலில் உங்கள் இறக்கைக்கு நேராகக் கடந்த பிறகே பேஸ் திரும்புங்கள். இடைவெளி குறைகிறது என்று தோன்றினால் டவுன்விண்டிலேயே வேகத்தைக் குறையுங்கள். ஃபைனலில் குறைக்க அதிகம் மிஞ்சியிருக்காது. அறிவிக்காமல் 360 பாகை வட்டம் அடிக்காதீர்கள், பின்னால் வருபவரின் மூக்குக்கு நேரே திரும்புவீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபைனல் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று திருப்பத்தில் இறக்கையின் சாய்வைக் கூட்டாதீர்கள்: உயரத்தைத் தக்கவைத்து 45 பாகை சாய்த்தால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) ஏறத்தாழ 19 விழுக்காடு உயரும், 60 பாகையில் 41 விழுக்காடு. தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு என்றாலும், அமெரிக்க விதி 91.113-இன்படி அதைக் காட்டி ஃபைனலில் இருப்பவரின் முன்னால் புகக் கூடாது.

செஸ்னாக்காரன்:
இறக்கைக்கு நேராகக் கடந்த பிறகு திரும்பு என்ற கணக்கு, இருவரும் ஒரே வேகத்தில் பறக்கும்போதுதான் பொருந்தும், ஐயா. எங்கள் மேலே வந்தது எங்களைவிட வேகமான விமானம். மெதுவானவர் முன்னால் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதுவும் முன்னவரைக் கண்ணால் கண்டால்தான். எங்கள் மேலே வந்தவர் எங்களைக் காணவே இல்லை.