முதல் சான்றிதழ்: சிசிஎன்ஏவா, ஆர்எச்சிஎஸ்ஏவா?

புதுசுவிட்ச்: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தாயிற்று. என்ஓசி (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) வேலையோ, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மின் வேலையோ, எது முதலில் கிடைத்தாலும் சரி. சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் சிசிஎன்ஏ, ரெட்ஹாட்டின் லினக்ஸ் சான்றிதழ் ஆர்எச்சிஎஸ்ஏ இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது. படிக்க மூன்று மாதம். எது?

ரேக்ராசா: சிசிஎன்ஏ. இதில் யோசிக்க என்ன இருக்கு? 200-301 என்று ஒரே தேர்வு, 120 நிமிஷம், 300 டாலர், வரி தனி. பாடத்திட்டத்தைப் பாருங்க: ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், நெட்வொர்க் அடிப்படை 20, நெட்வொர்க் ஆக்சஸ் 20. இந்த 65 சதவீதம் எங்க போனாலும் கூடவே வரும். நாளைக்கே கிளவுடுக்குப் போனாலும் ஏடபிள்யூஎஸ்ல (அமேசான் கிளவுட்) சப்நெட், அதாவது நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதா, பிரிக்க இதே கணக்குதான். அங்க /28 போட்டா 16 முகவரி, அதுல 5 அவங்களே எடுத்துக்குவாங்க, நமக்கு மிஞ்சுறது 11. இந்த 5 தெரியாதவன், வழக்கம்போல ரெண்டை மட்டும் கழிச்சு 14 மெஷின் வைக்கலாம்னு திட்டம் போட்டுட்டு நிப்பான்.

டெர்மினல்தம்பி: ராசாண்ணே, அந்தத் தேர்வில் முக்கால்வாசி நாலில் ஒன்றைத் தொடும் கேள்விதானே? டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) வாங்கி மனப்பாடம் செய்தவனும் பாஸ், ராத்திரி பகலாக லேப் போட்டவனும் பாஸ். ஆர்எச்சிஎஸ்ஏவில் அந்த விளையாட்டு செல்லாது. அதன் தேர்வான ஈஎக்ஸ்200ல் உங்களுக்குக் கொடுப்பது லினக்ஸ் மெஷின், அதிலேயே இருக்கும் மேன் பக்கங்கள் (கமாண்ட் உதவிக் குறிப்பு), அவ்வளவுதான். இணையம் கிடையாது. 300க்கு 210 எடுக்க வேண்டும். மெஷின் ரீபூட் ஆன பிறகும் நீங்கள் செய்தது நிற்கிறதா என்பதற்குத்தான் மதிப்பெண்.

எங்கே விழுகிறார்கள் என்றால், சர்வீஸை ஓட்ட சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் அடித்துவிட்டு, ரீபூட்டிலும் அது தானாக எழ எனேபிள் அடிக்க மறப்பார்கள். ஃபயர்வால் விதியில் பெர்மனென்ட் போட மாட்டார்கள். அப்பாச்சி வெப் சர்வரை 82ஆம் போர்ட்டில் ஓட்டச் சொன்னால் ஃபயர்வாலைத் திறந்துவிட்டு, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கில் அந்தப் போர்ட்டைச் சேர்க்காமல் சர்வீஸ் ஏன் எழவில்லை என்று முழிப்பார்கள். எல்லாவற்றிலும் கொடுமை எஃப்எஸ்டேப், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல். அதில் யூயூஐடியில் (டிஸ்க்கின் அடையாளக் குறி) ஒரு எழுத்து தப்பினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் உட்காரும், அதில் செய்த மற்ற வேலையும் சேர்ந்து போகும். ரீபூட்டுக்கு முன் மவுன்ட் ஹைஃபன் ஏ அடித்துப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

ரேக்ராசா: சிசிஎன்ஏலயும் லேப் கேள்வி வருது தம்பி, அதை மறைக்காதீங்க. ஒரு கேள்வியை முடிச்சு அடுத்ததுக்குப் போயிட்டா திரும்பி வர முடியாதுங்கறதையும் சேர்த்துப் பாருங்க.

வேலையில மாட்டுற இடம் ஒண்ணு சொல்றேன். ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல ட்ரங்க், அதாவது பல வீலேன் (தனித்தனியா பிரிச்ச நெட்வொர்க்) ஒண்ணா போற இணைப்பு. அதுல வீலேன் 10, 20 ஓடுது. 30ஐச் சேர்க்கணும். புதுசா வந்தவர் "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுடு வீலேன் 30"னு அடிப்பார். பழைய பட்டியல் போயி 30 மட்டும் நிக்கும். மேனேஜ்மென்ட் வீலேன் 10ஆ இருந்தா தூரத்துல இருந்து அவர் நுழைஞ்ச எஸ்எஸ்எச் இணைப்பும் அங்கேயே அறுந்திடும். வீலேனுக்கு அப்புறம் "ஆட் 30"னு இருக்கணும். ஒரு சொல்தான். இதை லினக்ஸ் பாடத்துல யார் சொல்லித் தரப் போறா?

மானிட்டர்அக்கா: இருவரும் பாதி உண்மைதான் சொல்கிறீர்கள். டம்ப் பிரச்சினை நிஜம். ஆனால் அதன் பலன் தேர்வு அறையோடு முடிவதில்லை. பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யலாம், மறுபடி எழுதத் தடையும் போடலாம். பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் ஒரே கேள்வி போதும். ஓஎஸ்பிஎஃப், ரிப் இரண்டும் ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள். 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் வழியாகவும், 10.1.1.0/26 ரிப் வழியாகவும் ரூட்டிங் டேபிளில் இருக்கின்றன. 10.1.1.20க்குப் போகும் பாக்கெட் எந்த வழி? டம்ப் படித்தவர் உடனே "ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120, குறைந்ததுதான் ஜெயிக்கும்" என்பார். தப்பு. ரிப் வழிதான் போகும், /26 நீளமான ப்ரிஃபிக்ஸ், அதாவது முகவரியோடு அதிகம் பொருந்துவது என்பதால். எந்த முறையை அதிகம் நம்புவது என்று சொல்லும் 110, 120 எல்லாம் ஒரே ப்ரிஃபிக்ஸ் இரண்டு பக்கமிருந்து வரும்போது மட்டும் பார்க்கும் கணக்கு.

புதுசுவிட்ச், என்ஓசி முதல் குறி என்றால் சிசிஎன்ஏ. லேபுக்குச் செலவே வேண்டாம், பாக்கெட் ட்ரேசர் என்ற சிஸ்கோ சிமுலேட்டர் இலவசம். தோற்றால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள், கட்டணமும் முழுதாக மறுபடி. பாஸானால் மூன்று வருடம் செல்லும். ஆர்எச்சிஎஸ்ஏவுக்கும் அதே மூன்று வருடம்தான்.

இன்னொன்று, நம்மவர்கள் வழக்கமாக மாட்டுவது. பதிவில் கொடுக்கும் பெயரும் தேர்வு அறையில் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் "கே. முருகன்" என்று இனிஷியல், பதிவில் அப்பா பெயர் முழுசாக என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. காசும் போகும். தேதி வாங்குவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

டெர்மினல்தம்பி: என்ஓசிக்கு என்றால் விட்டுக்கொடுக்கிறேன். சிஸ்டம் அட்மினுக்கு இல்லை. ராசாண்ணே, உங்கள் ட்ரங்க் கதையில் எஸ்எஸ்எச் அறுந்தவர் அப்புறம் என்ன செய்வார்? சிசிஎன்ஏ அதற்கு என்ன சொல்கிறது?

ரேக்ராசா: தூரத்துல இருந்து கை வைக்கறதுக்கு முன்னாடி "ரீலோடு இன் 10" அடிக்கணும். வெளியே மாட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல சுவிட்ச் தானா எழுந்து, சேவ் பண்ணின பழைய கான்ஃபிகோட (சுவிட்சோட அமைப்பு) வரும். எல்லாம் சரின்னா "ரீலோடு கேன்சல்". நடுவுல பழக்கதோஷத்துல சேவ் பண்ற "ரைட் மெமரி" அடிச்சீங்கன்னா தொலைஞ்சது, தப்பான கான்ஃபிகோடவே எழும்.

டெர்மினல்தம்பி: ஒரு வரித் தப்புக்காக மொத்த சுவிட்சையும் இறக்கி ஏற்றுவதா? அதில் தொங்கும் ஐபி போன், வைஃபை ஏபி எல்லாம் கூடவே விழுமே. லினக்ஸில் பழைய ஃபைலைத் திரும்ப வைத்தால் முடிந்தது.

மானிட்டர்அக்கா: சிஸ்கோவிலும் ரீலோடு இல்லாமல் முடியும். முதலில் ஆர்க்கைவில் (பழைய கான்ஃபிக் நகல்களை வைக்கும் வசதி) பாத் கொடுத்து வையுங்கள். பிறகு "கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5" என்று உள்ளே போங்கள். ஐந்து நிமிடத்துக்குள் "கான்ஃபிகர் கன்ஃபர்ம்" அடிக்காவிட்டால் சுவிட்ச் இறங்காமலே பழைய கான்ஃபிகுக்குத் திரும்பிவிடும். ஆர்க்கைவ் இல்லாவிட்டால் டைமரையே ஏற்காது. இதை நிஜ ஐஓஎஸ்ஸில்தான் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) பழக வேண்டும், பாக்கெட் ட்ரேசரில் எல்லா கமாண்டும் ஓடாது.

புதுசுவிட்ச்: சிசிஎன்ஏதான். ஆனால் அடையாள அட்டையில் எனக்கும் இனிஷியல்தான் இருக்கிறது. முதலில் அதை மாற்றிவிட்டுத் தேதி வாங்குகிறேன்.