60 வாட் குண்டு பல்பு: மீட்டரில் 64 ஓம், கணக்கில் 882 ஓம். எதை எழுதுவது?

கேள்வி:
அண்ணன்மாரே, ஐடிஐ எலக்ட்ரீசியன் முதல் வருடம் படிக்கிறேன். 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட குண்டு பல்பின் மின்தடையை ரெக்கார்டில் எழுத வேண்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பல்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப் பொட்டுகளையும் தொட்டால் 64 ஓம் காட்டுகிறது. வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால், அதாவது 52,900 ÷ 60, 882 ஓம் வருகிறது. 64 சரி என்றால் இந்தச் சின்ன பல்பு 827 வாட் இழுக்க வேண்டுமே! வேறு மீட்டரிலும் பார்த்துவிட்டேன், அதே 64தான். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
முதலில் மீட்டர் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் தம்பி. பேட்டரி இறங்கினால் ஓம்ஸ் ரீடிங் தாறுமாறாக வரும்.

பதில் 2:
இரண்டு மீட்டரும் ஒரே அளவைச் சொல்லும்போது பேட்டரி மேல் சந்தேகம் வேண்டாம். தம்பி, இரண்டு விடையும் சரிதான். 64 என்பது பல்பு ஆறிக் கிடக்கும்போது, 882 என்பது எரியும்போது. பல்பின் இழை டங்ஸ்டன் என்ற உலோகம், அது சூடாக ஆக அதன் மின்தடை ஏறும், எரிகிற இழையின் சூடு சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் என்பதால் தடை பதினான்கு மடங்கு ஆகிவிடுகிறது. ஸ்விட்ச் போட்டவுடன் 230 ÷ 64, கிட்டத்தட்ட 3.6 ஆம்பியர் பாயும், கண் இமைப்பதற்குள் இழை சூடாகி 0.26க்கு இறங்கிவிடும். பழைய பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் போவது இதனால்தான்.

எரியும் பல்பில் ஓம்ஸ் வைக்கவே வைக்காதீர்கள், மீட்டரும் போகும், உங்களுக்கும் ஆபத்து. வோல்டேஜையும் கரண்டையும் அளந்து வகுங்கள். வயரை வாய்க்குள் விட்டுக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 0.26 சரியாகத் தெரியாது. அதனால் சப்ளையை அணைத்துவிட்டு, ஃபேஸ் வயரை மட்டும் கிளாம்ப் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றுங்கள், அப்புறம் சப்ளை கொடுத்து வரும் ரீடிங்கைப் பத்தால் வகுங்கள். நியூட்ரலையும் சேர்த்துச் சுற்றினால் பூஜ்யம்தான் காட்டும்.

கேட்டவர்:
சார் பக்கத்தில் இருக்கும்போதே செய்தேன் அண்ணா. 218 வோல்ட், பத்துச் சுற்றில் 2.5 ஆம்பியர். 218 ÷ 0.25 = 872 ஓம்! ஆனால் 218 × 0.25 = 54.5 வாட்தான் வருகிறது, 60 இல்லையே? இன்னொன்று, 750 வாட் அயர்ன் பாக்ஸில் கணக்குப்படி 70.5 ஓம், ஆறியிருக்கும்போதே மீட்டரிலும் 69. அது மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

பதில் 2:
அச்சிட்ட 60 வாட் 230 வோல்ட்டுக்கு. உங்களுக்கு வந்தது 218, பவர் குறையத்தான் செய்யும். அயர்ன் பாக்ஸில் இருப்பது நைக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பி, அது சூடானாலும் தடை கொஞ்சம்தான் ஏறும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி ஐட்டத்துக்கு ஓம்ஸ் ரீடிங்கை நம்பி வாட் போடலாம், குண்டு பல்புக்குப் போட முடியாது.

பதில் 3:
ஃபேன், மிக்ஸிக்கும் இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள் தம்பி. காயிலின் ஓம்ஸை வைத்து மோட்டாரின் வாட் வராது, வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினாலும் பவர் ஃபேக்டரால் (அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) இன்னொரு தடவை பெருக்கணும். ரெக்கார்டில் ஆறிய தடை, எரியும்போது தடை என்று இரண்டு பத்தி (column) போட்டு, பக்கத்தில் 218 வோல்ட்டையும் எழுதிவிடுங்கள்.