செடியைக் கூடிய ஒளிக்கு மாற்றியும் ஒளி அறுவடைப் புரதம் குறையவில்லையே, ஏன்?

தளிர்:
அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) செடிகளை 50 மைக்ரோமோல் ஒளியில் (சதுர மீட்டருக்கு, நொடிக்கு) வளர்த்து 500-க்கு மாற்றியிருக்கிறோம். ஒளி அறுவடைப் புரதமான எல்எச்சிபி1 குறைந்து, கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோவும் எலக்ட்ரானைக் கடத்தும் சைட்டோகுரோம் பி6எஃப்-உம் அதிகரிக்க வேண்டும். மூன்றாம் நாள் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) எல்எச்சிபி1 பட்டை இரண்டு ஒளியிலும் ஒரே கனம். ஜெல்லின் ஒவ்வொரு குழிக்கும் 2 மைக்ரோகிராம் பச்சையம் என்ற கணக்கில் ஏற்றுகிறோம். புரதத்தில் ஏறிய பாஸ்பேட்டைக் காட்டும் பாஸ்போ-திரியோனின் ஆன்டிபாடியில் மட்டும் 500-ல் பட்டை மங்குகிறது. அதையே சான்றாகக் கொள்ளலாமா?

கிரானா:
பச்சையத்தை அளவுகோலாக வைத்ததுதான் சிக்கல். இலையின் பச்சையத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒளி அறுவடைப் புரதத்தில்தான் இருக்கிறது. புரதம் குறைந்தால் பச்சையமும் கூடவே குறையும். சம பச்சையம் வரும்வரை சாற்றைக் கூடுதலாக ஏற்றும்போது, குறைந்துபோனதை நீங்களே திருப்பிப் போட்டுவிடுகிறீர்கள். மொத்தப் புரதக் கணக்கும் சரிவராது: கூடிய ஒளியில் ரூபிஸ்கோ பெருகுவதால் மற்ற எல்லாமே குறைந்ததுபோலத் தோன்றும்.

இலைப் பரப்பில் கணக்கிடுங்கள். 1 சதுர செ.மீ. வட்டு வெட்டி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடித்து, 200 மைக்ரோலிட்டர் எஸ்டிஎஸ் (புரதத்தைக் கரைக்கும் சோப்புப் பொருள்) கரைசலில் கரைத்து 70 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். கொதிக்க வைக்காதீர்கள், டி1 (ஒளி அமைப்பு II-இன் மையப் புரதம்) போன்ற சவ்வுப் புரதங்கள் திரண்டு ஜெல்லின் உச்சியிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரே மாதிரியின் 100, 50, 25 சதவீத நீர்த்தல் வரிசை கட்டாயம் வேண்டும். பட்டை இனிக் கனக்க முடியாத பூரித நிலையை அடைந்துவிட்டால் இரு மடங்கு வேறுபாடுகூடக் கண்ணில் படாது. ரூபிஸ்கோவுக்குச் சாற்றைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்து ஏற்றுங்கள்.

ஒளி அமைப்பு II-இன் அலைவாங்கி (ஒளியைப் பிடித்து மையத்துக்கு அனுப்பும் புரதத் தொகுதி) சுருங்கியதா என்பது கேள்வியென்றால், எல்எச்சிபி1-ஐ அதன் மையப் புரதமான சிபி43-உடன் விகிதமாகக் காட்டுங்கள். கூடிய ஒளியில் முளைத்த புது இலை தடிமனாக இருக்கும் என்பதால் பரப்புக் கணக்கு மட்டும் போதாது.

நிறமாலை:
பிளாட்டுக்கு முன் பச்சையம் ஏ/பி விகிதத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். பி வகைப் பச்சையம் அலைவாங்கிப் புரதங்களில் மட்டுமே இருக்கிறது, ஒளி அமைப்புகளின் மையங்களில் இல்லை. ஆகவே அலைவாங்கி சுருங்கினால் விகிதம் உயரும்.

அரை சதுர செ.மீ. வட்டை, பிஎச் 7.8-க்குப் பாஸ்பேட் சேர்த்த 80 சதவீத அசிட்டோன் 1 மில்லியில், பனிக்கட்டி மேல், மங்கலான வெளிச்சத்தில் அரைத்து, 10,000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள். 750 நானோமீட்டர் அளவைக் கழித்துவிட்டு (அ என்பது அந்த அலைநீளத்தில் ஒளி உட்கவர்வு),

ஏ = 12.25 × அ663.6 − 2.55 × அ646.6
பி = 20.31 × அ646.6 − 4.91 × அ663.6

விடை மில்லிக்கு மைக்ரோகிராமில் வரும். பாஸ்பேட்டை விட்டுவிட்டால் இலையின் அமிலமே பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தைக் கழற்றிவிடும். பாலிஸ்டைரீன் குவெட் (அளக்கும் சிறு குப்பி) அசிட்டோனில் கரையும், கண்ணாடி வேண்டும். ஒளிப்பிரிப்புத் திறன் குறைந்த கருவி ஏ-யைக் குறைத்தும் பி-யைக் கூட்டியும் காட்டும். வேறு கருவியில் எடுத்த விகிதத்தோடு ஒப்பிட வேண்டாம்.

பசுங்கணிகன்:
பாஸ்போ பட்டை சான்றாகாது. எல்எச்சிபி-க்குப் பாஸ்பேட் ஏற்றும் எஸ்டிஎன்7 கைனேஸ் என்ற நொதி கூடிய ஒளியில் செயலிழக்கும். புரதம் அப்படியே இருக்க, அதன்மேல் உள்ள பாஸ்பேட் மட்டும் போகிறது. அது நிமிடங்களில் நடப்பது. புரதத்தின் அளவு மாற நாட்கள் ஆகும். மூன்று நாள் அவசரம். ஒரு வாரமாவது விடுங்கள்.

எந்த இலையை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முழுதாக விரிந்த இலையால் பாலிசேடு அடுக்கை (இலையின் மேற்பக்கத்துத் தூண் வடிவச் செல் அடுக்கு) கூட்ட முடியாது; பசுங்கணிகத்தின் உள்ளமைப்பை மட்டுமே மாற்றும். மாற்றும் அன்றே விரிந்த இலைகளில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். புது இலையையும் பழைய இலையையும் கலந்தால் உடலமைப்பு மாற்றமும் புரத மாற்றமும் பிரிக்க முடியாமல் போகும்.

இன்னொன்று, விளக்கை நெருக்கும்போது இலைச் சூடும் ஏறும். இலைச் சூட்டைத் தனியே அளந்து, இரண்டு தொகுதியிலும் ஒன்றாக வையுங்கள். 30 நிமிடம் இருட்டில் வைத்து எஃப்வி/எஃப்எம் (பச்சைய ஒளிர்வைக் கொண்டு ஒளி அமைப்பு II-இன் திறனைக் காட்டும் அளவு) எடுங்கள். நலமான இலையில் 0.83-ஐ ஒட்டி வரும். 0.7-க்குக் கீழே தங்கிவிட்டால் நீங்கள் அளப்பது ஒளிச் சேதத்தை. அப்போது 500-க்கு நேரே தாவாமல், நடுவில் 200-ல் இரண்டு நாள் வைத்து ஏற்றுங்கள்.

தளிர்:
நன்றி. நூல் கட்டிய இலைகளில் ஏ/பி விகிதத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்து, அது நிலைத்த பிறகு பிளாட் போடுகிறோம். சிபி43 ஆன்டிபாடியும் வாங்கச் சொல்லிவிட்டேன்.